பார்டர்

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் ஃபோட்டோஷாப் வேலை பார்க்கிறேன். எங்க சேரியில் உயிரோடு இருக்கிறவருக்கு யாரும் பார்டர் போட்டுப் படம் மாட்டுவதில்லை. செத்த பிறகுதான் அந்த மரியாதை.

2024 ஜூனில் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலிக்குப் போன சனங்கள். பலருக்குத் தனிப்படமே கிடையாது. ஆதார் அட்டையையும் கல்யாண போட்டோவையும் எடுத்துவந்தார்கள்.

ஒரு அம்மா கொண்டுவந்த படத்தில், ஓரமாக நின்ற புருஷன் தோள்மேல் மகளின் கை. "அந்தக் கைய மட்டும் வெட்டிடாதப்பா" என்றார்.

ஸ்ட்ரோக்கை 'இன்சைடு' என்று வைத்தால் கோடு படத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். கேன்வாஸ் சைஸைக் கூட்டினால் பார்டர் வெளியே வளரும், படம் குறையாது. 300 ரெசல்யூஷனில் பக்கத்துக்கு 30 பிக்சல், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் வேலை. கை முழுசாக நின்றது.

"குடிச்சு செத்தவனுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய படம்?" என்று கேட்டார் ஊர்த்தெரு ஆள் ஒருவர்.

"கொன்னது மெத்தனாலுங்க. அவருக்கு மக இருக்குது, பாருங்க" என்றேன்.

செத்தவர்களின் கணக்கில் அந்தக் கை வராது. படத்தில் இருக்கிறது.