பூச்சியத்திலிருந்து ஒன்று: எத்தனை வீதம் கூடியது?

கொஞ்சம் நீண்ட பதிவு. கணக்கும் மலேரியாவும் கலந்தது. இரண்டுமே வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசித்துவிடுங்கள். அது நம்முடைய கிணறுகளைப் பற்றியது.

வகுப்பில் வீதம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி கேட்பேன். நண்டு ஒரு கிலோ 1,000 ரூபா விற்றது. விலை 50 வீதம் விழுந்தது. பிறகு 50 வீதம் ஏறியது. இப்போது என்ன விலை? வகுப்பில் பாதிப்பேர் யோசிக்காமல் "ஆயிரம் சேர்" என்பார்கள். சரியான விடை 750. விழுந்த நண்டு பழைய விலைக்கு வர 100 வீதம் ஏற வேண்டும். இறங்கிய படி ஒன்று, ஏறும் படி வேறொன்று.

பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. ஆனால் நோயையும் மருந்தையும் ஆராய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. குறைவு என்பது 100 வீதத்துக்கு மேல் போக முடியாது. அத்தோடு பூச்சியம், கதை முடிந்தது. கூடுவதற்கு அப்படி ஒரு கூரை கிடையாது. 200 வீதமும் கூடலாம், 20,000 வீதமும் கூடலாம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெட்டவெளி. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் குறைவு எப்போதும் சின்னதாகத் தெரியும்.

நம் நாட்டின் மலேரியாக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 1934-35இல் வந்த பெரும் காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பிறகு டீ.டீ.ரி. தெளித்து, வீடுவீடாகப் போய், 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர்கள் என்ற நிலைக்குக் கொண்டு வந்தார்கள். பதினேழே பேர்! எல்லோரும் மூச்சு விட்டார்கள். தெளிப்பு நின்றது, தேடுதலும் தளர்ந்தது. 1969இல் 537,000க்கு மேற்பட்ட நோயாளர்கள்.

இந்த ஏற்றத்தை வீதத்தில் சொல்லிப் பாருங்கள்: 31 இலட்சம் வீதத்துக்கு மேல். யாருக்காவது இதில் ஏதாவது விளங்குகிறதா? அதே தூரத்தை மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் "99.997 வீதக் குறைவு" என்று எழுதியிருப்போம். தூரம் ஒன்றுதான். ஒரு பக்கம் 31 இலட்சம், மறுபக்கம் நூறு கூட இல்லை.

அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வீதத்தை விட்டுவிட்டு, எத்தனை முறை இரட்டித்தது, எத்தனை முறை பாதியானது என்று எண்ணுகிறார்கள். நாம் உயர்தரத்தில் படித்த மடக்கை இதற்குத்தான். 17ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்: 34, 68, 136, 272... பதினைந்தாவது முறை 557,056 வரும். ஆக, 1963க்கும் 1969க்கும் இடையில் மலேரியா ஏறியது கிட்டத்தட்ட பதினைந்து படிகள். அதே பதினைந்து படி இறங்கினால் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். இப்போது ஏற்றமும் இறக்கமும் ஒரே ஏணியில் நிற்கின்றன.

கொரோனாக் காலத்தில் பி.சி.ஆர். பரிசோதனை நினைவிருக்கிறதா? அந்த இயந்திரம் செய்வதும் இதையேதான். ஒவ்வொரு சுற்றிலும் மரபணுத் துண்டை இரட்டிக்கும். ஒருவருடைய மாதிரி 20ஆம் சுற்றில் தெரிந்து, இன்னொருவருடையது 30ஆம் சுற்றில்தான் தெரிந்தால், வித்தியாசம் பத்தல்ல. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

உயிருள்ளவை கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கின்றன. ஒரு நோயாளியிடமிருந்து நுளம்பு வழியாகச் சிலர், அவர்களிடமிருந்து இன்னும் பலர். அதனால் பெருக்கலால் அளப்பதுதான் நியாயம்.

இந்தப் படிக்கணக்கு எனக்கு வெறும் பாடமில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். அங்கே எனக்கு இரண்டு முறை மலேரியா வந்தது. நடுக்கம் தொடங்கினால் உம்மா வீட்டிலிருக்கும் சாரன், சாக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போர்த்துவா. விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பு நாக்கில் நாள் முழுக்க நிற்கும். ராத்தா அதனால் ஒரு தவணை முழுவதும் பள்ளிக்கூடம் போகவில்லை. விட்ட பாடத்தை அவள் பிறகு பிடிக்கவேயில்லை. 1999இல் நாட்டில் 264,549 மலேரியா நோயாளர்கள் பதிவானார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் எத்தனை ராத்தாமார் இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த 264,549 பேர் 2011இல் 175 ஆனார்கள். ஒரு யுத்தம் நடந்த நாட்டில் இது சாதாரண வேலையல்ல. இங்கேயும் வீதம் நம்மை ஏமாற்றும். 99 வீதம் குறைத்தால் மிச்சம் 2,645 பேர். 99.9 வீதம் குறைத்தால் மிச்சம் 264 பேர். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் கடைசியில் வரும் அந்தப் "புள்ளி ஒன்பது"க்குள் பத்து மடங்கு உழைப்பு இருக்கிறது. படிக்கணக்கில் சொன்னால், 1999 தொடக்கம் 2011 வரை பத்துப் படிக்கு மேல் இறங்கினோம். 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைவதற்கு இரண்டு வழி உண்டு. நோய் குறையலாம், அல்லது தேடுவது குறையலாம். யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்காத ஊரில் மலேரியா எப்போதும் பூச்சியம்தான். சான்றிதழ் வந்த பிறகும் நம் நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் இரத்தம் மலேரியாவுக்காகப் பார்க்கப்பட்டது. தேடிப் பார்த்து இல்லை என்று சொன்னதால்தான் அந்தப் பூச்சியத்தை நம்பலாம்.

போன மாதம் எங்கள் தெருவில் சுகாதாரப் பரிசோதகர் கிணறு பார்க்க வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: "நூறு வீதம் ஒழிஞ்ச நோய்க்கு ஏன் தம்பி இன்னும் கிணறு கிணறா எட்டிப் பாக்குறாங்க?" நியாயமான கேள்வி. ஊரில் பலருடைய மனதிலும் இருக்கும் கேள்வி.

சான்றிதழ் வந்து நான்கு மாதம் ஆகுமுன்பே, 2016 டிசெம்பரில், நம் மன்னார்த் தீவில் ஒரு புது நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். பெயர் அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இலங்கையில் அதுவரை காணாத இனம். இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். நமக்குப் பழக்கமான மலேரியா நுளம்பு ஆற்றோரக் குட்டைகளில் முட்டையிடும். இது அப்படியல்ல. ஊருக்குள்ளேயே, நம் வீட்டுச் சீமெந்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும். தீவு முழுக்கக் கிணறு வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமற்ற விருந்தாளி இருக்க முடியாது.

இதே நுளம்பு 2012இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டி நாட்டுக்குள் வந்தது. அந்த வருடம் அங்கே பதிவான மலேரியா நோயாளர்கள் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். எட்டு வருடத்தில் பதினொரு படிக்கு மேல் ஏற்றம். வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் அந்த நுளம்பின் பங்கு பெரிது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது. கிருமியும் வேண்டும். அது ஒரு பயணியின் இரத்தத்தில் வரும். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில் அப்படித்தான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக நம் நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே பிடித்து அடக்கிவிட்டார்கள். ஒரே ஒரு ஆள்.

இப்போது வகுப்புக் கேள்வி. பூச்சியம் ஒன்றானது. எத்தனை வீதம் கூடியது? விடை இல்லை. பூச்சியத்தால் வகுக்க முடியாது. கணக்கு கையை விரித்துவிடும். படிக்கணக்கும் இங்கே உதவாது, பூச்சியத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூச்சியம்தான். ஆனால் ஒன்று வந்துவிட்டால் அது இரண்டாகும், நான்காகும். நாம் மிகவும் பயப்பட வேண்டிய கூடுதல் எதுவோ, அதை எந்த வீதத்தாலும் அளக்க முடியாது. தேடிப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி.

ஆகவே ஊராரிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: கிணறு பார்க்க வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் விடும் மீன் குடம்பியைத் தின்னும். பாவிக்காத கிணற்றை மூடுங்கள், தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். டெங்குக்கும் அது நல்லது.

இரண்டு: இந்தியாவுக்கு வைத்தியத்துக்கோ, வியாபாரத்துக்கோ, நாகூருக்கோ, வேளாங்கண்ணிக்கோ போய் வந்தவர்கள், ஆபிரிக்க நாடுகளுக்குக் கல் வியாபாரத்துக்குப் போய் வந்தவர்கள், காய்ச்சல் வந்தால் பனடோலோடு நிறுத்த வேண்டாம். பயணம் முடிந்து சில மாதம் ஆகியிருந்தாலும் "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். போகுமுன்பே மலேரியா தடை இயக்கத்திடம் கேட்டால் தடுப்பு மருந்தும் இலவசமாகத் தருவார்கள்.

மூன்று: தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் நம் உறவுகளிடம் இரத்தம் கேட்டால், அது சந்தேகத்தினால் அல்ல என்று அவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். நாமும் ஒரு காலத்தில் கையில் ஒரு பையோடு வேறொரு கரையில் போய் இறங்கியவர்கள்தானே. அந்த விரல் குத்தல் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பதிவு பிடித்திருந்தால் பகிருங்கள். முகநூல் இல்லாத பெரியவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் பதில் தருவேன். என் மாணவர்கள் மட்டும் நண்டுக் கணக்கை முதலில் செய்துவிட்டு வரவும்.