கட்டாத வீட்டில் விழுந்த வெயில்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர் இரண்டு காரியத்திலும் நன்றாக அடிபட்டவராக இருந்திருக்க வேண்டும். அவர் இன்றைக்கு இருந்தால் தம் வாக்கில் பாதியைத் திருத்திக்கொள்ளும்படி நேரும். வீட்டைக் கட்டாமலே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே கூடத்தில் சோபாவைப் போட்டு, ஜன்னலுக்குத் திரை கட்டி, மேஜைமேல் நாலு ஆரஞ்சுப் பழங்களை வைத்து, அவற்றின்மேல் மாலை வெயிலையும் விழச் செய்து, படமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். போட்டோ என்றே சத்தியம் செய்யலாம். இடத்தைப் போய்ப் பார்த்தால் கருவேல முள்ளும் ஒரு பெயர்ப் பலகையும்தான் நிற்கும்.

இந்தப் படங்களைச் செய்வது என் அண்ணன் மகனுக்குத் தொழில். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் அவன் அம்மா, “கம்ப்யூட்டரில்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். எனக்கு அது போதவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அடுத்தவர் தொழிலில் மூக்கை நுழைக்கும் உரிமை உண்டு என்பது என் கட்சி. ஆகவே சில இரவுகள் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

பழைய நாளில் கட்டடத்தின் பிளான் என்றால் நீலத்தாளில் கோடுகள். இரண்டு கோட்டுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்று நாமாக எண்ணிக்கொள்ள வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் செய்யும் மாடலில் கோடே கிடையாது, சுவரேதான். அந்தச் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். தன் கனம் ஒன்பது அங்குலம், தான் செங்கல், தன்மேல் இன்ன பூச்சு என்றெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறோம் என்பது தெரியும். சுவரை இரண்டடி நகர்த்தினால் கதவும் கூடவே நகர்ந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. எத்தனை செங்கல், எத்தனை சதுர அடி டைல்ஸ் என்று கேட்டால் சொல்லிவிடும்.

இந்த மாடலை வாங்கி அதன் உள்ளே ஒரு காமிராவை நிறுத்துவதுதான் என் அண்ணன் மகனின் வேலை. காமிராவும் நிஜக் காமிரா அல்ல. இத்தனை அடி உயரம், இன்ன லென்ஸ் என்ற கணக்கு, அவ்வளவுதான். பிறகு வெளிச்சத்துக்கு உத்தரவு போடுகிறான்.

அந்த வெளிச்சம் வரும் விதம் வேடிக்கையானது. கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் பார்க்கிறோம் என்று நம் நியாய சாஸ்திரக்காரர்கள் வாதித்தார்கள். கிரேக்கத்தில் யூக்ளிடும் ஏறக்குறைய அதே கட்சிதான். அப்படியில்லை, வெளிச்சம்தான் பொருள்மேல் பட்டுக் கண்ணுக்குள் வருகிறது என்று 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர் விளக்கினார். வழக்கு தீர்ந்தது என்று உலகம் நிம்மதியாக இருந்தபோது கம்ப்யூட்டர்க்காரர்கள் மறுபடியும் பழைய கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்! சூரியனிடமிருந்து கிளம்பும் கதிர்களைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலானவை காமிராப் பக்கமே தலைகாட்டாமல் எங்கோ போய்த் தொலைகின்றன. கணக்குப் போட்டது வீண். ஆகையால் காமிராவிலிருந்தே கதிரை அனுப்பி, அது எதில் முட்டுகிறது, அங்கிருந்து எங்கே துள்ளுகிறது, கடைசியில் விளக்கையோ சூரியனையோ போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறார்கள். பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டர்னர் விட்டெட் என்பவர் 1980-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வழியில் ஒரு பெரிய அடி. 1984-இல் கார்னெல் பல்கலைக் கழகத்தார், வர்ணம் பூசிய சுவரின் நிறம் பக்கத்து வெள்ளைச் சுவரில் லேசாகக் கசிவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1986-இல் ஜேம்ஸ் கஜியா இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சமன்பாடு எழுதிவிட்டார். சமன்பாட்டை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, அதோடு சரி.

ஆனால் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போடும்போது உட்கார்ந்து பார்ப்பது ஒரு அனுபவம். முதலில் திரை முழுதும் கோலப்பொடியைக் கைதவறிக் கொட்டின மாதிரி புள்ளியும் பொட்டுமாக இருக்கிறது. கதிர்கள் போகப் போகப் புள்ளிகள் அடங்குகின்றன. நாற்காலிக் கால் தெரிகிறது. அதன் நிழல் தெரிகிறது. சிவப்புத் திண்டு பக்கத்துச் சுவரில் ஒரு வெட்கத்தைப் பூசுகிறது. அரை மணி கழித்து ஒரு அறை பிறந்திருக்கிறது.

பிறந்த அறையைப் பார்த்து, “நன்றாக இருக்கிறதே!” என்றேன்.

“செத்துக் கிடக்கிறது, சித்தப்பா” என்றான் அவன்.

அவன் சொன்னது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மாடலில் உள்ளதெல்லாம் அளவு பிசகாத உண்மை. அந்த உண்மையை அப்படியே படமாக்கினால் யாருக்கும் அதில் குடியிருக்கத் தோன்றுவதில்லை. மேஜையின் விளிம்பு கத்திமுனை போல இருக்கிறது. உலகத்தில் எந்த விளிம்பும் அப்படி இல்லை. அதை மயிரிழை அளவு மழுக்குகிறான். தரையில் மினுமினுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆள் நடந்த இடத்தைக் கொஞ்சம் மங்க வைக்கிறான். சோபாத் திண்டின் நடுவில் யாரோ இப்போதுதான் எழுந்து போன ஒரு பள்ளம். குப்புறக் கவிழ்த்த புத்தகம் ஒன்று. வாசல் பக்கம் ஒரு குழந்தையின் செருப்பு. ஒன்றுகூட மாடலில் கிடையாது. படம் பார்க்கிறவர் மனத்தை இழுப்பதோ இவைதாம்! கதாநாயகியின் பிறந்த தேதி, உயரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் எழுதியும் அவளுக்கு உயிர் வராமல், புடவைத் தலைப்பில் முடிந்து வைத்த நாலணாவை எழுதியதும் அவள் எழுந்து நடந்ததை நான் என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் வந்துதான் இந்த வித்தை தொடங்கியது என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்குப் புதிய தலைநகரம் அமைக்கப் போட்டி வைத்தார்கள். 1912-இல் பரிசு பெற்றவர் சிகாகோவில் இருந்த வால்டர் பர்லி கிரிஃபின். அந்த இடத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. வந்து சேர்ந்த வரைபடங்களையும் சுற்றுக்காட்சி ஓவியங்களையும் வைத்துத் திட்டம் போட்டார். மலைகளுக்கு நடுவே பொன்னிறமாக மிதக்கும் அந்த நகரத்தைத் தீட்டிக் காட்டியவர் அவர் மனைவி மரியன் மஹோனி கிரிஃபின். அவரும் அந்த மண்ணை மிதித்ததில்லை. தாமே தேர்ந்த கட்டடக் கலைஞர். அதற்கு முன்பு ஃபிராங்க் லாயிட் ரைட்டின் கட்டடங்களுக்கும் அழகழகான சித்திரங்கள் எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். பெயர் பெரும்பாலும் ரைட்டுக்கே போயிற்று. பிற்காலத்தில் கணவனும் மனைவியும் வேலையாக நம் லட்சுமணபுரிக்கு வந்தார்கள். 1937-இல் கிரிஃபின் அங்கேயே காலமாகி அங்கேயே அடக்கமானார். கான்பெரா நகரம் அந்தச் சித்திரங்களில் உள்ளபடியே எழுந்துவிடவில்லை. ஆனாலும் சித்திரத்தை நம்பி யாரும் பிராவிடண்ட் பண்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அப்படிக் கொடுக்க இருந்தவர்கள் என் தங்கையும் அவள் கணவரும்.

மாப்பிள்ளை ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் மிச்சம் பிடித்தது முழுவதும் ஒரு பிளாட்டாக மாற இருந்தது. பில்டர் யாரென்பது இங்கே அவசியமில்லை. வழவழவென்ற புத்தகம் ஒன்றை அவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். நான்காம் மாடியில் கூடம். வடக்கே பார்த்த பெரிய ஜன்னல். அதன் வழியாக உள்ளே ஆறடி தூரம் தரையில் நீளமாக விழுந்து கிடக்கிறது பொன்வெயில். அந்த வெயிலில் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி காப்பிக் கோப்பையோடு நிற்கிறாள். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், இவை ஓவியரின் கற்பனையே என்று ஒரு வரி. ஓவியருக்கு அந்தப் புத்தகம் செய்த ஒரே மரியாதை அதுதான்.

என் அண்ணன் மகன் படத்தைக் கையில் வாங்கி, ஜாதகம் பார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“மாமா, இது வடக்கு ஜன்னல்தானே? நம் ஊரில் சூரியன் நேர் வடக்கே வருவதே சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரைக்குந்தான். அப்போதும் உச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கும். இப்படிச் சாய்ந்து நேராக உள்ளே வராது. இது ஆஸ்திரேலியாவில் அடிக்கிற வெயில்.”

“பின்னே எப்படிப் போட்டான்?”

“ஒரு சக்கரம் இருக்கிறது, மாமா. திருகினால் சூரியன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரும். நானும் திருகியிருக்கிறேன். வெயில் இல்லாத கூடம் விலை போகாது என்பார்கள்.”

பிறகு படுக்கையறையைப் பார்த்தான். தரையில் டைல்ஸை எண்ணினான். இரண்டடி டைல்ஸ் ஏழு இருந்தது. அப்படியானால் பதினாலு அடி. பிளானில் பத்தரை அடிதான். “கட்டிலைச் சுருக்கியிருக்கிறார்கள். இதில் மாமா காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். காமிரா எங்கே நிற்கிறது தெரியுமா? சுவருக்கு வெளியே, அந்தரத்தில். சுவரைக் கழற்றிவிட்டு எடுத்த படம்.”

என் தங்கை முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை அவள் இருபது நாளாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அவள் ஆசைப்பட்டது சுவருக்கு அல்ல, அந்த வெயிலுக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தில், ‘ரெரா’ என்கிறார்களே அதில், 12-ஆம் பிரிவு இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும். விலகிக்கொள்ள விரும்பினால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிறது. சுவருக்குள்ளே புழங்கும் இடம் இவ்வளவு என்று ‘கார்ப்பெட் ஏரியா’வுக்கு இலக்கணமும் அதே சட்டத்தில் உண்டு. நல்ல சட்டம். ஆனால் சூரியனைத் திருகியவன்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

அன்று ராத்திரி பையன் ஒரு காரியம் செய்தான். அனுமதி பெற்ற பிளானை ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்து, அளவு பிசகாமல் தானே ஒரு மாடல் எழுப்பினான். சென்னையின் அட்சரேகையைக் கொடுத்தான். வடக்கு எது என்று காட்டினான். காமிராவை அத்தை கண் உயரத்துக்கு, நாலு அடி எட்டு அங்குலத்தில், அறைக்கு உள்ளேயே நிறுத்தினான். அதற்குமேல் ஒரு சங்கடம். சாமான்கள் வேண்டுமே! இந்தத் தொழிலில் சோபா, விளக்கு, பூந்தொட்டி எல்லாம் ஆயிரக்கணக்கில் தயாராகக் கிடைக்கின்றன. இத்தாலிய நாற்காலியில் நாற்பது தினுசு உண்டு. ஆனால் வெட் கிரைண்டர் கிடையாது. ஸ்டீல் பீரோ கிடையாது. பால்கனியில் கட்டத் துணிக்கொடி கிடையாது. துணி காய்கிற பால்கனியை இதுவரை யாரும் படம் கேட்டதில்லையாம்! எல்லாவற்றையும் அவனே செய்தான். விடிய மூன்று மணி ஆயிற்று.

மறுநாள் அத்தையும் மாமாவும் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கூடம் இருட்டு இல்லை. ஆனால் பொன்னும் இல்லை, சாதாரண வெளிச்சம். படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் பீரோவின் ஒரு கதவைத்தான் திறக்க முடிந்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“ஏண்டா, அதே மாடியில் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்ன பிளாட் இருக்கே, அதைக் காட்டேன்” என்றாள் என் தங்கை. “அதன் சமையலறையை மட்டும்.”

“எந்த நாள், எத்தனை மணிக்கு, அத்தை?”

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சற்று யோசித்தாள். “பொங்கல் அன்னிக்கு. காலையிலே ஏழு மணி.”

கோலப்பொடி கொட்டியது. புள்ளிகள் அடங்க அடங்க, கிழக்கு ஜன்னல் தெரிந்தது, மேடை தெரிந்தது, தை மாதத்து இளவெயில், யாரும் எதையும் திருகாமல், தானாகவே உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்தது. அவ்வளவுதான். என் தங்கை திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

கூடம் சின்னது, ஊஞ்சல் போட இடமில்லை என்று மாப்பிள்ளைக்கு இன்னும் குறைதான். இருந்தாலும் அந்தத் தென்கிழக்கு மூலைக்கே முன்பணம் கொடுத்தார்கள். கட்டடம் இப்போது இரண்டாம் மாடி வரை வந்திருக்கிறது. அவர்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் காக்கை பறக்கிறது. சமையலறைப் படத்தை அவள் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். போன வாரம் மருமகனைப் போனில் கூப்பிட்டு, கிரைண்டரைத் தொட்டிக்கு இடது பக்கம் மாற்றிப் போட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னாளாம். வலது பக்கம் வைத்தால் வெயிலை மறைக்கிறதாம்.