இடது காலுக்குச் சுயராஜ்யம்

கொல்லிமலையைப் பார்க்க வேண்டுமென்று நமக்கு வெகுநாளாக ஆசை. சமீபத்தில் சென்னையிலிருந்து இரு குடும்பங்களாக, இரண்டு மோட்டார்களில் கிளம்பினோம். நம்முடையது கையால் கியர் மாற்றும் பழைய வண்டி. நண்பருடையதோ தானே கியர் மாற்றிக்கொள்ளும் புது வண்டி. இரண்டில் எது சிலாக்கியம் என்ற தர்க்கம் வாசற்படியிலேயே ஆரம்பமாகிவிட்டது.

தாம்பரம் தாண்டுவதற்குள் வெற்றி நண்பர் பக்கம் சாய்ந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்தடி நகர்வதும் நிற்பதுமான நெரிசலில், கிளச்சை மிதித்து மிதித்து நமது கால் மரத்துப்போயிற்று. "என் இடது காலுக்குச் சுயராஜ்யம் வந்துவிட்டது, ஐயா!" என்று நண்பர் பரிகசித்தார். அமெரிக்காவில் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே கிடைத்த சுகம் இது. நம் நாட்டுச் சிறு கார்களிலும் 2014-க்குப் பிறகு பரவிவிட்டது.

உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் மார்க்கமாகச் சென்றபோது இரு கட்சியும் சமம். நெடுஞ்சாலையில் டாப் கியருக்கு வந்துவிட்டால் கியர் மாற்றும் வேலை யாருக்குத்தான் இருக்கிறது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே நாம் இரண்டாம் கியருக்கு இறங்கி, இஞ்சினைத் திணறவிடாமல் ஏறினோம். நண்பரின் வண்டி வளைவுக்குள் புகுந்த பிறகுதான் யோசித்துக் கியர் மாற்றியது. ஆனால் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, மறுபடி கிளம்பும்போது வண்டி பின்னால் உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதில் நமக்குத்தான் வியர்த்தது.

அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியைக் கண்டு, மறுநாள் இறங்கினோம். பாதி வளைவுகள் கழிந்திருக்கும். முன்னால் சென்ற நண்பரின் வண்டியிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. சற்று அகலமான இடத்தில் அவர் எப்படியோ நிறுத்திவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போயிற்றாம். பின்னிருக்கையில் குழந்தைகள் ஒன்றுமறியாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

பலாப்பழம் ஏற்றிவந்த சிறு லாரியின் டிரைவர் இறங்கிவந்து பார்த்தார். "ஏறின கியரிலேயே இறங்கணும் சார். இஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். நண்பர் 'டி'யிலேயே விட்டிருந்தார். அவரது யந்திரம் மேல் கியருக்குத் தாவ, வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்து, அது காய்ந்து பிடிப்பை இழந்திருந்தது. கீழ் கியருக்கென்று 'எல்' என்னும் எழுத்து அவர் கையருகிலேயே இருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை! பிரேக் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, மிதி பழையபடி பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, 'எல்'லில் போட்டு மெதுவாக அடிவாரம் சேர்ந்தோம்.

பெட்ரோல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் இறங்குவோரும் உண்டு. இக்கால வண்டிகளில் கியரில் உருளும்போது பெட்ரோல் தானாகவே நிற்பதால், அதில் லாபமும் இல்லை, ஆபத்துதான் மிச்சம்.

நகரத்திலேயே தினமும் ஓட்டுகிறவர்கள் தாராளமாகத் தானியங்கியை வாங்கலாம். அடிக்கடி பாரத்துடன் மலையேறுகிறவர்களுக்குக் கை கியரே நமது சிபாரிசு. எதை வாங்கினாலும், மலையிறங்கும்போது கியரைத் தேர்ந்தெடுக்கும் கடமை ஓட்டுகிறவருடையதே. காலுக்குச் சுயராஜ்யம் வந்துவிட்டது என்பதற்காகத் தலை ஓய்வெடுத்துக்கொள்ள முடியுமா?