கேஸ்னு ஒரு வார்த்தை

"ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ்தான்."

ஓபில உட்கார்ந்தா தினமும் பத்து பேராவது இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. நீங்களும் எங்கேயாவது சொல்லியிருப்பீங்க. இந்த த்ரெட் அந்த ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும். கொஞ்சம் நீளம். நடுவுல எங்க அப்பா வருவார், அதுவரைக்குமாவது படிங்க.

முதல்ல ஒரு கூத்து. தமிழ்ல 'கேஸ்'னு எழுதினா அது ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை. ஒண்ணு சிலிண்டர்ல வர்றது, இன்னொண்ணு கோர்ட்டுல நடக்கிறது. ஆஸ்பத்திரில ரெண்டுமே உண்டு. "மூணாம் பெட் கேஸ் என்னாச்சு?"ன்னு நாங்க கேட்டா அது நோயாளி. மனுஷனைக் கேஸ்னு சொல்லாதீங்கன்னு படிக்கிற காலத்துல திட்டு வாங்கியிருக்கோம். இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்கோம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனா கேஸ்னா மயக்க மருந்து. நீல சிலிண்டர்ல இருக்கிற நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. அமெரிக்காவுல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர், 1844 டிசம்பர்ல அதை இழுத்துட்டுத் தன்னோட பல்லையே பிடுங்கிக்கிட்டார். வலிக்கலை. அடுத்த மாசமே பாஸ்டன்ல ஊர் முன்னாடி செஞ்சு காட்டப் போனார். பல்லைப் பிடுங்கும்போது அந்த ஆள் கத்திட்டார், இவர் மானம் போச்சு. பாவம் மனுஷன்.

ஐசியூவுல கேஸ்னா வேற. "பிளட் கேஸ் அனுப்பு"ன்னா மணிக்கட்டு தமனில இருந்து ரத்தம் எடுத்து, அதுல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, பிஎச் எவ்வளவுன்னு பார்க்கிறது. பிஎச் 7.35-லிருந்து 7.45-க்குள்ள இருக்கணும். ஒருநாள் நாங்க பேசிக்கிட்டதைக் கேட்ட ஒரு பாட்டி, "ஐயோ, ரத்தத்துலயும் கேஸ் ஏறிருச்சா?"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆச்சு.

சர்ஜரி வார்டுல கேஸ் கேங்ரீன். புண்ணுக்குள்ள கிளாஸ்ட்ரிடியம் கிருமி வளர்ந்து தசையை அழுகடிச்சு, உள்ளேயே வாயு உண்டாக்கும். தோலை அழுத்தினா நறநறன்னு இருக்கும். மணிக்கணக்குல ஆளைக் கொல்ற நோய்.

வீட்டுக்கு வாங்க. அடுப்பு கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தகச் சேர்மத்தைக் கலந்து விடறாங்க. வயித்து கேஸோட நாத்தத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். அந்த விஷயத்துல மட்டும் ரெண்டும் பங்காளி.

இத்தனைக்கும் இந்த வார்த்தையை உண்டாக்கினதே ஒரு டாக்டர்தான். வான் ஹெல்மான்ட், இப்போ பெல்ஜியம்னு சொல்ற பகுதிக்காரர். 62 பவுண்டு கரியை எரிச்சா 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுது, மீதி எங்க போச்சு? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணாப் போயிருக்கு. அதுக்குப் பேர் வைக்கணுமே. கிரேக்கத்துல 'கேயாஸ்'னு ஒரு சொல் இருக்கு, ஒழுங்கில்லாத வெறுமைன்னு அர்த்தம். அதுல இருந்து 'கேஸ்'. அவர் செத்தப்புறம், 1648-ல அவரோட மகன் புத்தகத்தை வெளியிட்டார். அவர் பேர் வச்ச அந்தக் கரிப்புகை வாயு நம்ம கார்பன் டை ஆக்சைடு. அதை மறந்துடாதீங்க, கோலி சோடாவுல திரும்ப வரும்.

இப்போ நம்ம ஊர் கேஸ். இதுலதான் சிக்கலே.

'கேஸ்ட்ரிக்'னா வயிறு சம்பந்தப்பட்டதுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கும் கேஸுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா காதுல 'கேஸ்'னு விழுதே. அதனால வயித்துல என்ன வந்தாலும், புண்ணோ, நெஞ்செரிச்சலோ, பித்தப்பைக் கல்லோ, எல்லாமே கேஸ்.

அது வயித்தோட நிக்கவும் இல்ல. முதுகுல கேஸ், தோள்ல கேஸ், முட்டியில கேஸ் அடைச்சிருக்குன்னு சொல்வாங்க. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நானும் சிரிச்சிருக்கேன், முட்டிக்குள்ள எப்படிங்க கேஸ் போகும்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க சொல்றது நான் படிச்ச கேஸ் இல்ல, வாயு. சித்த மருத்துவத்துல வாதம், பித்தம், கபம்னு சொல்ற கணக்குல, வாயு உடம்பு முழுக்க ஓடுற ஒண்ணு. தோள்ல பிடிச்சா வாயுப் பிடிப்பு. நம்ம தாத்தா வாயுன்னு சொன்ன இடத்துல நாம கேஸைப் போட்டுட்டோம். வார்த்தைதான் மாறுச்சு, அர்த்தம் அதேதான். எதிர்ல உட்கார்ந்திருக்கிற டாக்டர் மட்டும் குடல்ல இருக்கிற காத்தை நினைச்சுக்கிறார்.

அந்த டாக்டர் நான்தான்.

2017. நான் சென்னையில பிஜி முதல் வருஷம். நைட் டூட்டி முடியற நேரம், காலைல அஞ்சரைக்கு அப்பா போன். சங்கரன்கோவில் பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு அப்போ 61 வயசு, சுகர் 12 வருஷமா.

"லேசா கேஸ் புடிச்ச மாதிரி இருக்கும்மா."

"என்னப்பா சாப்ட்டீங்க?"

"நேத்து ஒரு கல்யாண வீடு."

"அதான். ஒரு பான்டாப்ரசோல் போட்டுக்கோங்கப்பா, வெறும் வயித்துல."

வச்சுட்டேன். போன்ல பார்த்தா ஒரு நிமிஷம் பத்து செகண்ட்.

அப்பா மாத்திரை போட்டிருக்கார். டீக்கடையில ஒரு சோடா குடிச்சிருக்கார். பெருசா ஏப்பம் வந்திருக்கு. "பார்த்தியா, கேஸ்தான்"னு அம்மாகிட்ட சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டார். சோடாவுல இருக்கிறதே கார்பன் டை ஆக்சைடு. குடிச்சா யாருக்கும் ஏப்பம் வரும். வெளியே வந்தது சோடாக்காரன் உள்ளே அடைச்ச கேஸ். ஆனா சோடா குடிச்சு ஏப்பம் விட்டுட்டு, நோய் தெரிஞ்சுபோச்சுன்னு நிம்மதியாகிற ஆட்களை இன்னைக்கும் வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்கு வரப்புல விழுந்துட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் கார்ல தூக்கிப்போட்டு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். பதினொண்ணேகாலுக்கு எனக்கு போன் வந்துச்சு. டூட்டி டாக்டர், சின்னப் பையன் குரல். "மேடம், இன்ஃபீரியர் வால் எம்ஐ கேஸ். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஆரம்பிச்சிருக்கோம்."

அன்னைக்கு எங்க அப்பாவைப் பத்தி என் காதுல விழுந்த ரெண்டாவது கேஸ்.

அஞ்சே முக்கால் மணி நேரம் போயிருந்தது. பிழைச்சுட்டார். ஆனா இதயம் ரத்தத்தைத் தள்ளுற அளவு, எக்கோல 38 சதவீதம்னு வந்துச்சு. 50-க்கு மேல இருக்க வேண்டியது. அப்புறம் அம்மா சொன்னாங்க, "போன் பேசும்போதே பனியன் தொப்பலா நனைஞ்சுதான் இருந்துச்சு." நான் கேட்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் ஓபில அதே வார்த்தையைச் சொல்லியிருந்தா, சுகர் இருக்கான்னு கேட்டு ஈசிஜிக்கு அனுப்பியிருப்பேன். அப்பாங்கிறதால மாத்திரை பேரைச் சொல்லிட்டு வச்சுட்டேன்.

ஹார்ட் அட்டாக் ஏன் கேஸ் மாதிரி இருக்கு? இதயத்தோட அடிப்பக்கம் உதரவிதானத்து மேலதான் உட்கார்ந்திருக்கு. அதுக்கு நேர் கீழே இரைப்பை. இதயத்துல இருந்து வர்ற வலி நரம்புகளும் உணவுக்குழாயில இருந்து வர்றதும் தண்டுவடத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் போய்ச் சேருது. எங்கிருந்து வருதுன்னு மூளைக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அடிப்பக்கத்து அட்டாக்ல குமட்டலும் வாந்தியும் வேற வரும். சுகர் இருந்தா வலி மங்கலாத்தான் தெரியும், சில பேருக்கு வலியே இருக்காது. உங்களுக்கு கேஸ்னு தோணுறது உங்க தப்பு இல்லை. எனக்கும் அந்த ஃபோன்ல கேஸ்னுதான் தோணுச்சு.

அதனால கேட்டுக்கோங்க. நெஞ்சுல, மேல்வயித்துல, தாடையில, கையில, முதுகுல புதுசா ஒரு அழுத்தமோ பாரமோ வந்து, கூடவே வேர்வை, மூச்சு வாங்குறது, குமட்டல், தலைசுத்தல்னு ஏதாவது இருந்தா, ஓமத் தண்ணி, சோடா, ஈனோன்னு பரீட்சை பண்ணிட்டு உட்காராதீங்க. ஜெலுசில் குடிச்சதும் குறைஞ்சுது, அதனால ஹார்ட் இல்லைன்னும் முடிவு கட்டாதீங்க. நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க, ஈசிஜி எடுங்க. முதல் ஈசிஜி நார்மலா இருந்தாலும், டாக்டர் இருக்கச் சொன்னா இருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கிறதுலதான் சில பேருக்குத் தெரியும். தமிழ்நாட்டுல 2023-ல இருந்து 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸ் குடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. எங்க அப்பா காலத்துல அது இல்லை.

கூட வேலை பார்க்கிற டாக்டர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கேஸ்னு சொன்னா கேஸ் ஷீட்ல கேஸ்னு எழுதாதீங்க. "கேஸ்னா உங்களுக்கு என்ன செய்யுது?"ன்னு கேளுங்க. அஞ்சு செகண்ட்தான் ஆகும்.

அப்பா இப்பவும் கேஸ்னுதான் சொல்றார். போன மாசம்கூட ராத்திரி பத்து மணிக்கு போன்.

"லேசா கேஸ் மாதிரி இருக்கும்மா."

"எங்கப்பா இருக்கு? எப்படி இருக்கு?"

"எங்கன்னு சொல்ல, கேஸ்தான்."

"அம்மாகிட்ட குடுங்க."

அம்மா வாங்கினாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க.

"தொட்டுப் பார்த்துட்டேன்டி. பனியன் காஞ்சுதான் இருக்கு."

"சரிம்மா. ஆட்டோவைக் கூப்பிடுங்க. ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்து படுங்க."