பீப்பாயில் பிறந்த படகு... ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் சோப்பு நுரை! மினசோட்டா ஏரிக்கரைக் காட்சிகள்

ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மாதக்கணக்கில் பனிக்கட்டியாக உறைந்து கிடந்த ஏரிகள் உருகத் தொடங்கும் நேரம். கரையோர வீடுகளில் தார்ப்பாய்கள் விலகுகின்றன. குளிர்காலம் முழுக்கப் போர்த்தி வைத்திருந்த படகுகள் வெளியே வருகின்றன. "எப்போ தண்ணியில இறக்கப்போறோம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்க, பெரியவர்கள் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருப்பார்கள்.

படகைக் கழுவத்தானே என்று நினைத்தால், அதுதான் இல்லை. அந்தத் தண்ணீர் ஓட்டை தேடுவதற்கு!

ஏரிகளின் மாநிலம்

'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்பது மினசோட்டாவின் செல்லப்பெயர். உண்மைக் கணக்கு அதைவிடப் பெரியது. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 இருக்கின்றன. மிசிசிப்பி நதி பிறப்பதும் இங்குள்ள இடாஸ்கா ஏரியில்தான். இங்கே கோடை குறுகியது. அந்தச் சில மாதங்களைத் தண்ணீரிலேயே கழிக்கப் பார்க்கும் மக்களுக்கு, படகு வீட்டில் இன்னொரு திண்ணை மாதிரி.

அந்தத் திண்ணையைக் கொடுத்தவர் ஒரு விவசாயி. பெயர் ஆம்ப்ரோஸ் வீரஸ். ரிச்மண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 1952-ல் இரும்புப் பீப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து இரண்டு வரிசை ஆக்கினார். அவற்றின்மேல் மரப்பலகைத் தளத்தைப் போட்டார். சாதாரணப் படகு மாதிரி ஆடாமல், தரை மாதிரி நிற்க வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. அதுவே 'பான்டூன்' படகு.

இன்று பீப்பாயின் இடத்தில் அலுமினிய மிதவைக் குழாய்கள் வந்துவிட்டன. தளம் மட்டமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ள பாட்டிகூடப் படகுத்துறையிலிருந்து ஓர் எட்டு வைத்து ஏறிவிடலாம். சுற்றிலும் கம்பித் தடுப்பு, சோபா, நிழல் துணி, சாப்பாட்டுக் கூடை... மொத்தக் குடும்பமும் போகும் படகு இது. அதனால்தான் ஓட்டை விஷயத்தில் அசட்டை கூடாது.

சாய்ந்தால் சந்தேகம்

25 அங்குல விட்டமும் 20 அடி நீளமும் உள்ள ஒரு குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 1,900 லிட்டர். உள்ளே இருக்கும் காற்றுதான் படகைத் தாங்குகிறது. பல படகுகளில் குழாயை உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். மூன்று அறை இருந்து, அதில் ஒன்று பாதி நிறைந்தால்கூட 300 கிலோவுக்கு மேல் எடை ஏறிவிடும். நான்கைந்து பெரியவர்கள் ஒரே மூலையில் போய் உட்கார்ந்த மாதிரி!

படகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, பின்பக்கம் தாழ்ந்திருப்பது, வேகம் எடுக்கத் திணறுவது, திரும்பும்போது உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்பது... இவையெல்லாம் அறிகுறிகள்.

ஓட்டை எப்படி விழுகிறது? பாறையில் உரசுவது, மணல் கரையில் இழுத்து ஏற்றுவது, பற்றவைத்த இடங்கள் அதிர்வில் விரிசல் விடுவது, அரிப்பு எனப் பல காரணங்கள். மினசோட்டாவில் இன்னொரு எதிரி, குளிர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். இலையுதிர் காலத்தில் வடிக்காமல் விட்ட தண்ணீர், ஜனவரியில் உறைந்து குழாயையே பிளந்துவிடும்.

பஞ்சர் கடை வித்தை

நம்மூர் பஞ்சர் கடையில் டியூபைக் காற்றடித்துத் தொட்டியில் முக்குவார்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. 20 அடிக் குழாயைத் தொட்டியில் முக்க முடியாதே? அதனால் தொட்டித் தண்ணீரைக் குழாய்மேல் கொண்டுவருகிறார்கள்.

முதலில் படகை டிரெய்லரில் ஏற்றி, முன்பக்கத்தை உயர்த்தி, பின்னால் இருக்கும் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடிக்கிறார்கள். ஒரு குவளை அளவு வந்தால் அது உள்ளே வியர்த்த ஈரமாக இருக்கலாம். வாளி வாளியாகக் கொட்டினால் ஓட்டை நிச்சயம். அந்த அடைப்பின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். சில நேரம் மொத்தக் கோளாறும் அந்தச் சின்ன வளையத்தில்தான் இருக்கும்.

பிறகு அந்தத் துளை வழியாகக் காற்றை ஏற்றுகிறார்கள். 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. போதும். கார் டயருக்கு 30-க்கு மேல் வைப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஏற்றினால் குழாய் உப்பி, நல்ல இணைப்பும் விட்டுப்போகும். அப்புறம் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். இணைப்புகள், தாங்கிகள், அடிப்பக்கம் என ஓர் அங்குலம் விடாமல். கண்ணுக்கே தெரியாத விரிசல்கூட நுரையைப் பொங்கவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளிடம் ஒரு மார்க்கர் கொடுத்து வட்டம் போடச் சொன்னால், அவர்களுக்கும் அது விளையாட்டு.

அடைப்பது எப்படி?

சின்ன ஓட்டை என்றால், சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப்பிசுக்கு போகத் துடைத்து, படகுக்கான எபாக்ஸி பூசுகிறார்கள். இது கோடையை ஓட்டுவதற்கான தற்காலிக வழி. நிரந்தரத் தீர்வு, ஆர்கான் வாயுவின் துணையோடு செய்யும் டிக் வெல்டிங். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காவிட்டால் வெல்டிங் ஒட்டாது. உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. சூடான காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருப்பதால் இது கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யும் வேலை.

வேலை முடிந்ததும் மறுபடி காற்று, மறுபடி சோப்பு. நுரை பொங்கவில்லை என்றால்தான் படகு ஏரிக்குப் போகும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம்மூர்ப் பெற்றோர், கோடையில் வாடகைப் படகில் ஏறும் வாய்ப்பு உண்டு. ஏறும் முன் ஒரு நிமிடம் துறையில் நின்று பாருங்கள். ஆள் ஏறாத படகு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா? ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் வேறு படகு கேளுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டாதீர்கள். மினசோட்டாவில் படகு ஓடும்போது 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிவது சட்டம். பெரியவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது.

அப்புறம் என்ன, சாப்பாட்டுக் கூடையைத் திறக்கலாம். ஏப்ரலில் யாரோ சோப்பு நுரையோடு மல்லுக்கட்டியதால்தான், ஜூலையில் பாட்டி கவலையில்லாமல் அந்த சோபாவில் சாய்ந்துகொள்கிறார்.