ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. படகில் ஏறாதே என்றால் கேட்கிற ஆளா அவர்? உன் கொளத்தூர் மீன் கடைத் தொட்டிகளில் கண் கெட்டிருக்கிற மீன்களை எடுத்து நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நீ "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுவிட்டு, வைத்ததும் பாதியை மறந்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் தொட்டி ரூம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில், உன் முதலாளி கொடுத்த அந்த மஞ்சள் பொடியை எந்தத் தொட்டியிலும் கொட்டாதே. டப்பாவில் பெயரைப் படித்தேன், ஆக்ஸிடெட்ராசைக்ளின். தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டிய மருந்து. கடல்நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏராளம். நீரில் ஊற்றினால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு பெரும்பகுதி வீணாகிவிடும். சரி, கடல்நீரிலும் வேலை செய்கிற வேறு ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்பாய். அது நோய்க்கிருமி எது, ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று வாழ்கிற பாக்டீரியா எது என்று ஆள் பார்த்துக் கொல்லாது. ஃபில்டர் செத்தால் அம்மோனியா ஏறும். கடல் தொட்டியில் பிஎச் 8.2 பக்கம் இருப்பதால் அதில் விஷமாக நிற்கிற பங்கு நன்னீரைவிட அதிகம். அம்மோனியா ஏறினால் கண் மங்கும். கண்ணுக்கு மருந்து ஊற்றிக் கண்ணைக் கெடுத்த கதைதான் நடக்கும்.

அதனால் முதலில் பார். நம் வீட்டில் கண் பார்க்கத் தெரியாதவர் யார்? ஏலத்தில் அம்மா கூடையைத் தொடுவதற்கு முன்னாலேயே கண்ணைப் பார்த்து விலை முடிவு செய்துவிடுவாள். ஆனால் அம்மா படிப்பது செத்த மீனின் கண்ணை. அது நேரம் ஆக ஆக உள்ளே குழியும், வெளுக்கும். உயிருள்ள மீனுக்கு நோய் வந்தால் பெரும்பாலும் வெளியே தள்ளும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியில் என்னோடு படித்த சேலத்துப் பெண் ஒருத்தி, தொட்டியில் உயிரோடு இருந்த மடவையைப் பார்த்துவிட்டு "கண்ணில் படலம், நோய்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டாள். மடவைக்குக் கண்ணின் முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி கொழுப்பு ஜவ்வு இயல்பாகவே உண்டு, பாவைக்கு நேராக மட்டும் ஒரு கீற்று திறந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன், இரண்டு நாள் சிரித்தாள். அதனால் எந்த மீனுக்கு எது இயல்பு என்று நல்ல மீன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்.

இப்போது உன் டாங் மீன். இடது கண் மட்டும் புடைத்திருக்கிறது, வலது கண் சுத்தமாக இருக்கிறது, தீனி எடுக்கிறது. ஒரு கண் மட்டும் என்றால் அடிபட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பாறையில் மோதியிருக்கலாம், வலையில் சிக்கியிருக்கலாம். அதே தொட்டியில் இன்னொரு டாங்கும் சுற்றுவது வீடியோவில் தெரிகிறது. டாங் மீனுக்கு வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி இருக்கிறது, தெரியும்தானே? சண்டையில் வாலைச் சுழற்றினால் எதிரியின் கண்ணில் கீறும். வலை போட்டுப் பிடிப்பதையும் விடு. அந்தக் கத்தி வலையில் மாட்டி, மீன் துள்ளித் துள்ளிக் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள்ளேயே சாய்த்து நீரோடு மொண்டு எடு.

இதற்கு வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. தனித் தொட்டி, மணலும் பாறையும் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மங்கிய வெளிச்சம். தினமும் கொஞ்சம் நீர் மாற்று. கண் வற்ற வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதே. எப்சம் என்கிற மக்னீசியம் உப்பு போடலாமா என்று கேட்டிருந்தாய். நன்னீர் மீனுக்குச் சரி, வீக்க நீரை இழுக்கும் என்று போடுவார்கள். கடல்நீரிலோ லிட்டருக்கு 1.3 கிராம் மக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சிட்டிகை கூடப் போட்டு என்ன ஆகிவிடப் போகிறது? கெடுதல் இல்லை, எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. யாராவது ஊசியால் குத்தி நீரை எடுக்கலாம் என்று சொன்னால் மட்டும் மீனைத் தொடவிடாதே.

இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் புடைத்தால் விஷயம் வேறு. வெளியே பட்ட அடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படாது. உள்ளே கோளாறு. விப்ரியோ மாதிரி பாக்டீரியா ரத்தத்தில் இறங்கியிருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம். வயிறு உப்பல், உடம்பில் ரத்தச் சிவப்பு, துடுப்பு அடியில் புண் இருக்கிறதா பார். ஆன்டிபயாடிக்கைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான், அதுவும் தனித் தொட்டியில், தீனி எடுக்கிற மீனாக இருந்தால் அதில் கலந்து, டாக்டரைக் கேட்டுவிட்டு.

ஒரு தொட்டியில் பல மீன்களுக்கு ஒரே நாளில் கண் புடைத்தால் மீனை விட்டுவிட்டு மோட்டாரைப் பார். பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் ஜாயிண்ட் லூஸாகிக் காற்றை இழுத்தால், அழுத்தத்தில் காற்று நீரில் அளவுக்கு மீறிக் கரைந்துவிடும். பிறகு அது மீனின் ரத்தத்திலும் கண்ணுக்குப் பின்னாலும் குமிழாகப் பிரியும். கண்ணாடிச் சுவரில் பொடிக் குமிழ்கள் ஒட்டியிருக்கும், துடுப்பின் ஜவ்விலும் தெரியும். ஜாயிண்டை இறுக்கினால் போதும், மருந்துச் செலவு இல்லை. விசைப்படகு வலையில் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த மீன், கண் பிதுங்கி, வயிறு வாய் வழியாகத் தள்ளிக் கிடக்குமே, அதுவும் காற்று விரிகிற வேலைதான், வழி மட்டும் வேறு. புது பார்சலில் வந்த காட்டு மீனுக்குக் கண் புடைத்திருந்தால் எவ்வளவு ஆழத்தில் பிடித்தது என்று சப்ளையரைக் கேள். பதில் சொல்ல மாட்டார், இருந்தாலும் கேள்.

அடுத்தது, எனக்குக் கவலை தந்த வீடியோ. கோரான் ஏஞ்சல் மூன்றும் பாறையில் உடம்பைத் தேய்க்கின்றன, கண் எல்லாம் பால் மாதிரி மங்கியிருக்கிறது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சை முன்னாலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பார். கண்ணின் மேல்தோல் மங்கியிருந்தால் பாவையும் சுற்று வளையமும் சேர்ந்தே மூடாக்காகத் தெரியும். வளையம் பளிச்சென்று மின்னி, நடுப்பாவை மட்டும் வெள்ளையாக இருந்தால் அது லென்ஸில் வந்த புரை. புரைக்குத் தொட்டியில் ஊற்ற மருந்து கிடையாது, தீனியைத்தான் பார்க்க வேண்டும். 1990களில் ஐரோப்பாவில் சால்மன் தீவனத்தில் ரத்தத்தூள் சேர்ப்பதை நிறுத்தியதும் நார்வே பண்ணைகளில் மீன்களுக்குப் புரை பெருகியது. ஹிஸ்டிடின் என்கிற ஒரு அமினோ அமிலம் குறைந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உன் கடையில் வருஷம் முழுக்க ஒரே பாக்கெட் தீனி போடுகிறாய், நினைவு வைத்துக்கொள்.

ஆனால் தேய்க்கிற மீனுக்கு மேல்தோல் மங்கினால் எனக்கு முதல் சந்தேகம் நியோபெனிடீனியா என்கிற தட்டைப்புழு. மீனின் கண் மேல்பரப்பும் உடம்புத் தோலும் ஒரே தொடர்ச்சி, தோலை மேய்கிற புழு கண்ணையும் மேயும். சின்னப் புழுதானே என்று நினைக்காதே. 2000-ல் ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்தின் ஹிஞ்சின்புரூக் கால்வாயில் கூண்டுகளில் வளர்த்த பாராமுண்டி, நம் கொடுவா மீனேதான், ஏறக்குறைய இரண்டு லட்சம், 50 டன், இந்தப் புழுவால் செத்தது.

உயிரோடு ஒட்டியிருக்கும்போது புழு கண்ணாடி மாதிரி, பார்த்தால் தெரியாது. அதனால் நல்ல தண்ணீரில் முக்கு. கறுப்புத் தொட்டியோ வாளியோ எடுத்துக்கொள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கிற மருந்து போட்டு, ஏர் ஸ்டோன் ஓடவிடு. சூடு தொட்டியின் சூடே இருக்கட்டும், சமையல் சோடா கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஎச்-ஐ 8.2க்குக் கொண்டுவா. மீனை விட்டு ஐந்து நிமிஷம், கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நில். முதலில் திணறும், சாயும், அதுவரை சரி. செவுள் அடிப்பது நின்றுபோகிற மாதிரி தெரிந்தால் உடனே எடுத்துவிடு. புழுவாக இருந்தால் நீர் ஏறி வெள்ளையாகி, பொடி மீன் செதில் உதிர்ந்த மாதிரி வாளி அடியில் விழும். கறுப்பு வாளி கேட்டது அதற்குத்தான். இது சோதனையும் ஆயிற்று, பாதி வைத்தியமும் ஆயிற்று. பாதி என்கிறேன், ஏனென்றால் முட்டைக்கு நீளமான நூல் உண்டு. அது வலையிலும் பைப்பிலும் சுற்றிக்கொண்டு, நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் பொரிக்கும். அதனால் பிராசிகுவான்டெல் மருந்து லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. முக்கும் தொட்டிக்குப் போன வலை வேறு தொட்டிக்குப் போகக் கூடாது.

இன்னொரு வழி உப்பை இறக்குவது. தனித் தொட்டியில் உப்பை ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 15 வரை இரண்டு நாளில் கொண்டுவந்தால் முட்டை பொரிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். பவளமும் நண்டும் இருக்கிற தொட்டியில் செய்யாதே, செத்துவிடும். நம் பழவேற்காடு ஏரியைப் பார்த்துத்தான் எனக்கு இதில் நம்பிக்கை. கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் கடலைவிட உப்பு ஏறுகிறது, ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கியும் இறங்கினால் நாக்கில் கரிக்கவே கரிக்காது. அந்த ஏரியில் வளர்கிற கொடுவாவுக்கும், நீங்கள் விற்கிற புள்ளி போட்ட ஸ்காட்டுக்கும் வருஷா வருஷம் நல்ல தண்ணீர்க் குளியல் கிடைக்கிறது. உன் தொட்டி மீனுக்கு நீதான் மழை பெய்விக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, உனக்கு, மீனுக்கு அல்ல. ரொம்ப நாளாக மெலிந்துகொண்டே வந்து, கண் புடைத்து, எதற்கும் கேட்காத மீன் இருந்தால் மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். அது கையில் இருக்கிற கீறல் வழியாக மனிதனுக்கும் வரும், ஆறாத கட்டியாக மாசக்கணக்கில் இழுக்கும். உன் கை எப்போதும் பாறை கிழித்த கைதான். நீளமான ரப்பர் கையுறை வாங்கு, முதலாளி காசு தராவிட்டால் நான் அனுப்புகிறேன். கையில் கட்டி வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக மீன் தொட்டியில் வேலை என்று சொல்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் கொளத்தூருக்குப் பக்கத்தில் மாதவரத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நோய் ஆய்வகம் இருக்கிறது. செத்து நாறின மீனைக் கொண்டுபோகாதே, நோய் தெரிகிற உயிர் மீனை ஆக்ஸிஜன் கவரில் கொண்டுபோ, தனி பாட்டிலில் தொட்டி நீரும். என்னென்ன மருந்து ஏற்கெனவே போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டாங்கின் கண் போனாலும் போகட்டும், மீன் பிழைக்கும். வான்கூவர் மீன்காட்சியகத்தில் ஒரு ராக்ஃபிஷ்ஷுக்குப் புரை வந்து கண்ணையே எடுத்துவிட்டார்கள். மற்ற மீன்கள் குருட்டுப் பக்கமாக வந்து தாக்கியதால் செயற்கைக் கண் வைத்துத் தைத்தார்கள். அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். முதலாளி அதைத் தள்ளுபடி விலையில் கொடுக்கப் பார்த்தால் கொடுக்கட்டும். வாங்குகிறவரிடம், கூட இன்னொரு டாங் விடக் கூடாது, தீனியை வலது பக்கமாகப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பு.

வரும்போது காலி தெர்மாகோல் பெட்டி இரண்டு கொண்டுவா, அம்மா கேட்டாள்.

அன்புடன்,
அக்கா