கீழப்பழுவூரின் கார்காலமும் வண்டித் தேர்வும்

திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் இலால்குடியையும் கல்லக்குடியையும் கடந்து கிழக்கே சென்றால் கீழப்பழுவூர் வரும். வடக்கே அரியலூருக்கும், தெற்கே திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாறு, தஞ்சை ஆகிய ஊர்களுக்கும் வழி பிரியும் சந்திப்பு இது. ஊருக்குள் ஆலமரத்தால் பெயர்பெற்ற ஆலந்துறையார் கோயில். அருகே மேலப்பழுவூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில். கல்கியின் புதினத்தைப் படித்தோர்க்குப் பழுவூர் என்ற பெயரே போதும். தெற்கே சென்றால், வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சி. ஆகவே இவ்வழியே திருப்பயணிகளும் வியாபாரிகளும் உழவரும் ஆண்டு முழுவதும் சென்றவண்ணம் இருக்கின்றனர்.

இவ்வட்டாரத்தில் குளிர்காலம் என்பது பனிக்கட்டியன்று, மழை. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வரித்தலை வாத்துகள் கரைவெட்டி ஏரியைத் தேடி வருகின்றன. 2024-ஆம் ஆண்டு அவ்வேரி உலகளாவிய ‘ராம்சார்’ ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளுக்குப் புகலிடமாகும் அதே ஐப்பசியும் கார்த்திகையும் வண்டி ஓட்டுவோருக்குச் சோதனைக் காலம்.

அதற்குக் காரணம் மண்ணே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியில் கிடந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். அதனையடுத்துப் பரந்து கிடக்கும் கரிசல், கோடையில் வெடித்துப் பிளக்கும். மழையில் களியாகிச் சக்கரத்தை விழுங்கும். கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்களில் ஒட்டி வரும் சேறு தார்ச்சாலையின் மேல் படிந்து, முதல் தூறலிலேயே எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும்.

இத்தகைய ஊரில், அயல்நாட்டில் உழைத்த மகனோ மகளோ பணம் அனுப்ப, வீட்டுக்கு ஒரு வண்டி வாங்க முற்படும் குடும்பங்கள் இன்று பல. எரிபொருள் மிச்சமாகும் ‘ஹைபிரிட்’ கார் வாங்குவோம் என்பார் ஒருவர். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் பிக்கப் வண்டியே மழைக்கு ஏற்றது என்பார் மற்றொருவர். இரண்டும் விலை உயர்ந்தவை. ஆண்டுக்கணக்கில் கடன் கட்ட வேண்டியவை. எனவே ஆசையால் அன்று, அறிவால் தேர்வு செய்வதே முறை.

ஹைபிரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து இயங்கும் கார். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்த்து வைத்து, மீண்டும் புறப்படும்போது பயன்படுத்துகிறது. ஆகவே நின்று நின்று செல்லும் நகரத்தெருவில் அதன் சிக்கனம் மிகுதி. ஒரே வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் சற்றுக் குறைவு. ஆனால் சேற்றுக் குழியில் இறங்கினால், முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே விசை பெறும் ஹைபிரிட் கார் மற்றக் கார்களைப் போலவே சிக்கிக்கொள்ளும்.

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப் வண்டிகளின் இயல்பு வேறு. உயர்ந்த அடிப்பகுதியும் கனத்த சட்டமும் கொண்டவை அவை. வழக்கமாகப் பின்சக்கரங்களே அவற்றை உந்தும். தேவையானபோது ஓட்டுநர் முன்சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளலாம். களத்து மேட்டிலிருந்து மூட்டை ஏற்றவும், வரப்போரப் பாதையில் ஏறி வரவும் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் டீசல் செலவு கூடுதல். சந்துக்குள் திருப்புவதும் கடினம். பின்புறம் பாரமின்றி வெறுமையாய் இருந்தால், நனைந்த சாலை வளைவில் பின்சக்கரம் வழுக்கவும் கூடும்.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நான்கு சக்கர விசை வண்டியைப் புறப்படச் செய்யும், சேற்றிலிருந்து மீட்கும். வண்டியை நிறுத்துவதற்கு அது துணையன்று. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. நனைந்த தாரில் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வன டயரும் வேகமும் வண்டியின் எடையுமே. ஈழத்தமிழர் பலர் வாழும் மொன்றியால் நகரைக் கொண்ட கனடாவின் கியூபெக் மாநிலத்தைப் பாருங்கள். உறைபனி கொட்டும் அந்நாட்டுச் சட்டம் நான்கு சக்கர விசையை வற்புறுத்தவில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்றே விதித்திருக்கிறது. நம் நாட்டு விதியும் கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. மழைக்கு முன் தேய்ந்த டயரை மாற்றும் செலவு, புது வண்டியின் விலையில் எத்தனை சிறு பங்கு!

வெள்ளத்தின் முன்னோ இரண்டு வண்டிகளுமே எளியவை. ஓரடி ஆழத்தில் பாயும் நீர் சிறு காரை மிதக்கச் செய்ய வல்லது. இரண்டடி ஆழத்தில் பாயும் நீர் பிக்கப்பையும் இழுத்துச் செல்லும். இதனை இவ்வட்டாரம் மறக்கலாகாது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தருகே, வெள்ளத்தால் பழுதுற்ற தடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரயிலுக்கே அந்நிலை எனில், தரைப்பாலத்தின் மேல் பாயும் நீரில் துணிந்து இறங்கும் காருக்கு என்ன உறுதி?

ஆகவே வாங்குமுன் வீட்டார் ஒன்றுகூடி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். வீட்டு வாயில்வரை தார்ச்சாலை உண்டா? ஆண்டில் எத்தனை நாள் சேற்றுப் பாதையில் போக வேண்டும்? வண்டியில் பெரும்பாலும் ஏறப்போவது மூட்டையா, முதியோரும் குழந்தைகளுமா? சாலையோரம் வாழ்ந்து, அரியலூருக்கும் திருச்சிக்கும் நாள்தோறும் சென்று திரும்பும் குடும்பத்துக்கு ஹைபிரிட் காரே தகும். அதிலும் ஓட்டம் குறைவாயின் சாதாரணக் காரே போதும், ஏனெனில் மிச்சமாகும் பெட்ரோல் கூடுதல் விலையை ஈடு செய்யாது. கரிசல் காட்டுக்குள் வீடும், நடுஇரவில் பிரசவத்துக்கு மருமகளை அழைத்துச் செல்ல வேறு வழியின்மையும் உடையோருக்கு நான்கு சக்கரப் பிக்கப் ஆடம்பரமன்று, தேவை. ஆண்டில் நான்கைந்து நாள் மட்டுமே சேறு எனில், அந்நாளுக்கு அண்டை வீட்டு டிராக்டர் உதவும். அந்த நல்லுறவைப் பேணிக் காப்பது எந்த வண்டியை வாங்குவதைக் காட்டிலும் சிக்கனமானது.

எதை வாங்கினும், தரைப்பாலத்தில் வெள்ளம் புரளும் இரவில் இக்கரையிலேயே காத்திருக்கும் பொறுமையை வீட்டு இளைஞர்க்கு இப்போதே கற்பித்து வையுங்கள். கார்த்திகை வெள்ளம் வடிந்துவிடும். பாதை மீண்டும் தெரியும்.